கே.எல். ராவ்: அமைச்சரான பின் பொறியாளர் ஆனவர் அல்ல

“கே.எல். ராவ் முழுநேர அரசியல்வாதி, நாகார்ஜுனசாகர் அவர் பதவியில் இருந்தபோது தொடங்கிய அணை” என்று சிலர் எழுதுகிறார்கள். நாகார்ஜுனசாகர் கிருஷ்ணா நதி மீதுள்ள அணை. வரிசை தலைகீழாகிவிட்டது. அந்த அணைக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955 டிசம்பரில். ராவ் அப்போது அரசுப் பொறியாளர். விஜயவாடாவிலிருந்து மக்களவைக்குப் போனதே 1962இல்தான். 1967இல் இந்திரா காந்தி கால்வாய்களில் நீர் திறந்துவிட்டபோது அவர் மத்திய பாசன அமைச்சர். குழப்பம் அங்கே பிறந்திருக்கலாம்.

கங்கை நீரைக் காவிரிவரை கொண்டுவரும் அவரது கங்கை–காவிரி இணைப்புத் திட்டம் வெறும் மேடை முழக்கம் என்பதும் சரியல்ல. 1972இல் அவர் வைத்த திட்டத்தில் கணக்கு இருந்தது: பாட்னா அருகே கங்கையிலிருந்து வினாடிக்கு 60,000 கன அடி நீர், ஆண்டுக்கு 150 நாள், இணைப்பின் நீளம் 2,640 கிலோமீட்டர். நீரை மேலேற்றும் மின்செலவு கட்டுப்படியாகாது என்பதே எதிர்ப்பு. அதைச் சொல்லி விமர்சியுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.