முதலில் காணியைக் கதைப்போம்

போன மாதம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். கிளிநொச்சிப் பக்கத்துச் சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வாய்க்கால் துப்புரவு, வீதி விளக்கு எல்லாம் கதைத்து முடிந்து கலையப் போகிற நேரத்தில் ஒரு தங்கச்சி எழும்பிக் கேட்டார்: அப்பா செத்த பிறகு அவருடைய வயல் பெர்மிட், அதுதான் அரச காணிக்குக் கொடுத்த அனுமதிப் பத்திரம், ஏன் அண்ணன் பெயருக்கு மட்டும் போக வேண்டும்?

"பிள்ளை, உமக்குச் சீதனம் தந்தாச்சுத்தானே" என்றார் ஒருவர். "இது தேசவழமை, நாங்கள் மாத்தேலாது" என்றார் இன்னொருவர். தொண்டு நிறுவனக்காரர் வந்து படிப்பித்துவிட்ட கதை இது என்றார் மூன்றாமவர். கால் மணித்தியாலத்துக்குள் கதை எங்கே போய் நின்றது தெரியுமா? அந்தப் பிள்ளை வேலைக்கு யாருடைய மோட்டார் சைக்கிளில் போய்வருகிறது என்பதில். மாதர் சங்கத்து அக்கா ஒருவர் பொறுக்க முடியாமல் "ஆம்பிளையள் எல்லாரும் உப்பிடித்தான்" என்று கத்த, அவ்வளவுதான், ஆண்களில் பாதிப்பேர் எழும்பிப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை பெர்மிட்டின் போட்டோ கொப்பியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. அதை விரித்துக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை, அது இன்னும் மனதைக் குடைகிறது.

ஆண் பெண் விசயம் என்றால் கோபம் வரும், வரட்டும். ஆனால் கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவரைப் பிடிக்கிற இந்தப் பழக்கம் இருக்கும்வரை நாங்கள் ஒன்றையும் தீர்க்க மாட்டோம்.

தேசவழமையையே எடுங்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதி வைத்த, வடக்குத் தமிழரான எங்களுடைய சொத்து வழக்கம் அது. கலியாணச் சொத்துக்கு இன்று பார்ப்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை. அதன்படி சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து, கணவன் அதை எடுக்க முடியாது. ஆகவே இது பெண்ணுக்குப் பாதுகாப்பு என்கிறவர் பொய் சொல்லவில்லை. அதே சட்டத்தில், அந்தக் காணியை அவள் விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. ஆகவே இது அநியாயம் என்கிறவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு வருசக்கணக்காகச் சண்டை பிடிக்கிறோம். கணவன் சம்மதம் தராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, சரி. 2009இல் போர் முடிந்தபோது கணவனைத் தொலைத்துவிட்டு, செத்தான் என்று பத்திரமும் எடுக்க மனமில்லாமல் தேடிக்கொண்டிருக்கிற பெண் ஒரு துண்டுக் காணி விற்கவும் நீதிமன்றப் படி ஏற வேண்டுமா? வன்னியில் கதைக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, அந்தத் தங்கச்சியின் வயலுக்கும் தேசவழமைக்கும் சம்பந்தமே இல்லை. பெர்மிட் காணி அரச காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருவது. பெர்மிட்காரர் தன் பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுகிறவராக, மகளையும் நியமிக்கலாம். ஒருவரையும் நியமிக்காவிட்டால்தான் சட்டத்தின் வரிசை வரும். அந்த வரிசையில் மகனுக்குப் பிறகுதான் மகள் இருந்தாள், 2022இல் வந்த திருத்தம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டது. அப்படியென்றால் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது, அப்பா எந்த ஆண்டு இறந்தார், யாரையாவது நியமித்தாரா, அம்மா இருக்கிறாரா என்பவைதான். மோட்டார் சைக்கிள் இதில் எங்கே வருகிறது?

அண்ணன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, பற்றை வெட்டி, வரம்பு கட்டி, தண்ணீர் வராத போகத்திலும் கடன்பட்டு விதைத்தவர் அவர். "நான் இவ்வளவு நாளும் பட்ட பாட்டுக்குக் கணக்கு இல்லையா" என்பது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அதை ஆணாதிக்கம் என்று ஒரு சொல்லில் மூடினால் அந்த மனிதன் இனிக் கூட்டத்துக்கே வரமாட்டார். அக்கா மேல் எனக்கு மரியாதை இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அவர் கத்தியது அந்தப் பிள்ளைக்கு உதவவில்லை.

நுண்கடன் கதையிலும் இதேதான். கடன் கம்பனிக்காரர் வாரத் தவணைக்குப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சிறு கடன் கொடுத்தார்கள், கட்ட முடியாமல் போனபோது 2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இன்றைக்கும் தேநீர்க் கடையில் கேட்டால் பெண்கள் ஊதாரித்தனம் என்பார்கள். கையெழுத்து அவளுடையது, காசு என்னத்துக்குப் போனது? விதைநெல்லுக்கா, மருந்துக்கா, குடிக்கா? அதைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

எங்கள் கமக்கார அமைப்பில் வயதான ஐயா ஒருவர் இருந்தார். தண்ணீர்ச் சண்டை வந்தால், மற்றவர் சொன்னதை நீ ஒருக்கால் திருப்பிச் சொல்லு, அவர் "ஓம், அதுதான்" என்று தலையாட்டின பிறகு உன்ர கதையைச் சொல்லு என்பார். நேரம் எடுக்கும், ஆனால் மண்வெட்டி தூக்கியவர்களே இருந்து கதைத்ததைப் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் தண்ணீருக்குக் கொடுத்த பொறுமையை ஒரு பெண் கேட்ட கேள்விக்குக் கொடுக்க முடியாதா?

அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு பின்னேரம். எழும்பிப் போன அண்ணைமாரும் வாருங்கள், அக்காவும் வாருங்கள். இந்த முறை நான் முதலில் எழும்பி அந்தக் கொப்பியை விரிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்: பின்னுரித்தாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது?