கண்டி அரசர் தூக்கிலிடப்படவில்லை

இலங்கையில் இருந்த கண்டி அரசின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரை ஆங்கிலேயர் 1815இல் தூக்கிலிட்டார்கள் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் பிடிபட்டது உண்மைதான், ஆனால் தூக்கிலிடப்படவில்லை. மறு ஆண்டு கப்பலேற்றி நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தோடு ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் இங்கே சிறைவாசம். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார்.

சரிபார்க்கப் புத்தகம்கூடத் தேவையில்லை. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறதே, அதற்குள் இருப்பது அவருடைய கல்லறைதான். (பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறவர்களில் பலர் அதை ஏதோ கல்யாண மண்டபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்!) வெளியூர் நண்பர்கள் 1815க்குப் பிந்தைய இலங்கை வரலாற்று நூல் எதையும் புரட்டலாம், நாடு கடத்தப்பட்ட ஊர் வேலூர் என்றே இருக்கும்.