டம்ளர் விழுறதுக்கு ஒரு எபிசோடா?

நேத்து ராத்திரி டிவி சீரியல்ல அந்தக் கொடுமையப் பாத்தீங்களா? டம்ளர். வெறும் டம்ளர்.

மருமக காசிமேட்டுப் பொண்ணுன்னு, அதான் வடசென்னை மீனவர் ஏரியா, மாமியாருக்குத் தெரிஞ்சுபோச்சாம். கையில இருந்த எவர்சில்வர் டம்ளர் நழுவுது. நம்ம வீட்ல நழுவுனா ணங்குன்னு விழும், அம்மா திட்டும், துடைச்சுட்டுப் போவோம். அங்க? முதல்ல விரல். அப்புறம் டம்ளர் ஸ்லோ மோஷன்ல கிளம்புது. தரையைத் தொடப்போகுது, கட், மாமியார் மூஞ்சி. திரும்ப விரல்லேர்ந்து கிளம்புது, இந்த வாட்டி பின்பக்கத்துலேர்ந்து. மூணாவது வாட்டி கறுப்பு வெள்ளையில. காபி ஒரு சொட்டு சிந்தல, விளம்பரம் வந்துருச்சு.

விளம்பரம் முடிஞ்சா மறுபடியும் விரல்! அதுக்கப்புறம் ஆளுக்கு மூணு ஜூம். மாமனாருக்கு டொய்ங் டொய்ங் டொய்ங். நாத்தனாருக்கு. நாத்தனார் புருஷனுக்கு, அந்தாளு ஆரம்பத்துலேர்ந்தே எதுவும் புரியாமத்தான் நிக்குறாரு. வெளிய கேட்ல நிக்கிற வாட்ச்மேனுக்கும் ஜூம். யோவ், அவருக்கு எப்பிடியா டம்ளர் தெரியும்? சாமி படத்தையும் விடல, முருகருக்கு ரெண்டு.

தினம் ஒரு எபிசோடு குடுக்கணும், விளம்பரம் போக 20 சொச்ச நிமிஷத்த ரொப்பணும், தெரியும். அதுக்காக? மாமியாரக் கீழேர்ந்து எடுத்தா மலை மாதிரி நிப்பாங்க, மருமகள மேலேர்ந்து எடுத்தா ஒடுங்கிப்போவா. நல்ல வித்தைதான். ஆனா மாமியார் சாம்பார் ஊத்துறதையும் அதே கீழ்க் கோணத்துல எடுத்தா என்ன அர்த்தம்? விஷம் வெச்சுருக்காங்கன்னு எங்கம்மா இன்னமும் காத்துக்கினு இருக்கு. வெறும் முருங்கக்கா சாம்பார் அது.

உடுப்பு இன்னும் மோசம். வில்லி தூங்கும்போதும் மை, நெக்லஸ், ஸ்லீவ்லெஸ். ஸ்லீவ்லெஸ் போட்டா சொத்த எழுதி வாங்கிருவாங்கன்னு எந்த ஊர்ல சட்டம்? ஏழை ஹீரோயினுக்கு வெளிறுன காட்டன் புடவை, அதுக்கு அச்சா மேட்ச் ஆகுற பிளவுஸ், இஸ்திரி போட்ட மடிப்பு, கேமரா படுற எடத்துல மட்டும் ஒரு ஒட்டு.

இதையெல்லாம் கூட மன்னிச்சுருவேன். அவ பிறந்த ஏரியான்னு ஒரு பிளாஷ்பேக் காட்டுனான் பாருங்க. வானம், கடல், செவுரு, மனுசன், நாய், எல்லாமே டீ டிகாஷன்ல முக்கி எடுத்த கலரு. எங்க தெருவுக்கு வந்து பாருய்யா! எதிர் வீடு கிளிப்பச்சை, பக்கத்து வீடு ரோஸ், மாடி மட்டும் ஊதா. மீன் விக்கிற அக்கா கட்டியிருக்க சேலையப் பாத்தா உங்க வில்லியே வெக்கப்படுவா. தண்ணி புடிக்க வர்றவங்க நைட்டியில இருக்குற பூவு எந்தத் தோட்டத்துலயும் கிடையாது, மேல போட்டுருக்க துண்டு வேற தனி கலரு. வண்ணாரப்பேட்ட எம்.சி. ரோட்ல ஒரு புடவக் கடை வாசல்ல நின்னுருந்தா இந்தப் பழுப்பு தோணியே இருக்காது. கேமராவுல கலராத்தான் விழுந்துருக்கும். அப்புறம் கம்ப்யூட்டர்ல உக்காந்து, காசு செலவு பண்ணி அழிச்சுருக்கான்!

அமெரிக்காக்காரனும் யோக்கியன் இல்ல. ‘பிரேக்கிங் பேட்’ல கதை மெக்சிகோவுக்குப் போனாலே திரை மஞ்சளாயிடும். ஆனா அதே தொடர்ல மேரின்னு ஒரு பொம்பளைக்குச் சட்டைலேர்ந்து வீடு வரைக்கும் ஊதாவா குடுத்து, அவ பிடிவாதத்த வசனமே இல்லாமச் சொன்னாங்க. அதக் காப்பியடிக்க வேண்டியதுதானே? காப்பியடிச்சது மஞ்சள மட்டும்.

இவ்ளோவும் கத்தி முடிச்சேன். எங்கம்மா டிவியிலேர்ந்து கண்ண எடுக்காம, “டம்ளர் நசுங்கியிருக்குமாடா?”ன்னுச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு.

அது கிடக்கட்டும். கேபிளுக்குப் பள்ளம் தோண்டுனவங்களே, எங்க தெரு முனையில அத எப்பதான் மூடுவீங்க? பேரிகேட் வெச்சதோட வேலை முடிஞ்சுதா? அதுல ஒருத்தர் லுங்கி காயப்போட ஆரம்பிச்சுட்டாரு. இனி மூட வந்தாலும் அவர் பர்மிஷன் குடுக்கணும் போல.