லாரி கேட்டில், அனுமதி திருப்பூரில்

ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் எடைமேடை கணக்கு பார்க்கிறேன். சீசன் நேரம், ஞாயிறு என்றெல்லாம் கிடையாது. நேற்றுக் காலை ஆறரைக்கே மூன்று லோடு மரவள்ளிக் கிழங்கு கேட்டில் நின்றது. கூகுள் ஷீட்டில் லாட் நம்பர் போட்டால்தான் லாரி எடைமேடை ஏறும். ஷீட்டைத் திறந்தால் ஒரு எழுத்து அடிக்க விடவில்லை. பார்க்க மட்டும்தான் எனக்கு அனுமதியாம். சனிக்கிழமை சாயங்காலம் வரை அதில் எழுதியவள் நான்!

யாரோ ஒரு ரேட்டைத் தப்பாக மாற்றிவிட்டார்களாம். வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் யார், எப்போது மாற்றினார்கள் என்று தெரியும். பழையபடி திருப்பிக்கொள்ளவும் அதிலேயே வழி இருக்கிறது. ரேட் இருக்கிற கட்டங்களை மட்டும் பூட்டி வைக்கலாம். எதையும் செய்யாமல், ராத்திரியோடு ராத்திரியாக எல்லாருடைய எடிட் அனுமதியையும் பிடுங்கிவிட்டு, மேனேஜர் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

எடிட் அனுமதி கேட்டு பட்டனை அழுத்தினேன். அது ஃபைலின் ஓனருக்குப் போகும். எங்கள் ஃபைலுக்கு ஓனர் முதலாளி இல்லை, மேனேஜரும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுத் திருப்பூர் போன அக்கவுண்டன்ட் அண்ணன்! தன் சொந்த ஜிமெயிலில் அன்றைக்கு அவசரத்துக்கு ஆரம்பித்த ஷீட். அவராக மாற்றிக் கொடுத்தால் ஒழிய அது வேறு யார் பேருக்கும் வராது. போகிற அன்றைக்கு அவரிடம் மேஜை சாவியை எண்ணி வாங்கினார்கள், இதை வாங்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வெளியே ஒரு பெரியவர் ஜன்னலுக்கு வந்து வந்து போனார். "ஏம்மா, நேத்து மத்தியானம் புடுங்குன கெழங்குங்க. வெயில் ஏறுனா எடை கொறஞ்சிரும்மா."

"கொஞ்சம் பொறுங்கய்யா, இப்ப ஆயிரும்" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மரவள்ளி என்ன நெல்லா, மூட்டை கட்டி வைக்க? புடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடிக் கறுத்துவிடும். பாயிண்ட், அதாவது மாவுச்சத்து அளவு, குறைந்தால் காசு குறையும். நஷ்டம் அவருக்கு, எங்களுக்கு இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பத்தே காலுக்குத் திருப்பூர் அண்ணன் மெயிலைப் பார்த்து அனுமதி கொடுத்தார். நல்ல மனுஷர். மெயில் பார்க்காமல் இருந்திருந்தால்?

இன்னொரு கூத்தையும் அப்போதுதான் பார்த்தேன். அதே ஷீட் 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்து கிடக்கிறது. அந்த லிங்க் லோடிங் வாட்ஸ்அப் குரூப்பில் எத்தனையோ மாசமாக இருக்கிறது. தரகர்கள் இரண்டு பேர் அந்த குரூப்பில் இருக்கிறார்கள். எந்தப் பார்ட்டிக்கு என்ன ரேட் என்று அவர்கள் உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். எழுத வேண்டியவளுக்குக் கதவு பூட்டு, பார்க்கக் கூடாதவனுக்குக் கதவு விரியத் திறப்பு. இதற்குப் பேர் பாதுகாப்பா?

கம்பெனி பேரில் அக்கவுண்ட் எடுத்து ஷேர்டு டிரைவில் போட்டால் ஃபைல் கம்பெனிக்குச் சொந்தம், யார் வந்தாலும் போனாலும் அங்கேயே இருக்கும். எடைமேடைக்கு என்று ஒரு கூகுள் குரூப் போட்டு, அதற்கு எடிட் அனுமதி கொடுத்து, அந்த வேலையில் இருப்பவரைச் சேர், விட்டுப் போகிற அன்றைக்கே எடு. போன வருஷமே கேட்டேன். "அதுக்கு மாசா மாசம் பணம் கட்டணும்மா" என்றார்கள். நேற்று மூன்று லாரிக்கு நாலு மணி நேரக் காத்திருப்பு, அதை யார் கட்டினார்கள்?

இன்று காலை மேனேஜர் மலையிலிருந்து இறங்கி வந்தார். நேராக என் மேஜைக்கு வந்து, "உனக்கு யாரும்மா எடிட் குடுத்தது?" என்றார். அந்தப் பெரியவரைப் பற்றி, அந்த மூன்று லோடைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.