இது செல்ஃபி இல்லை

தானே வேடமிட்டு நின்று புகைப்படங்களை உருவாக்கும் கலைஞர் புஷ்பமாலா. அவரைப் பற்றி வந்த ஒரு கட்டுரை, அவருடைய படங்களை ‘செல்ஃபி காலத்துக்கு முன்பே எடுத்த செல்ஃபி’ என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பரோடாவில் சிற்பம் படித்தவர் அவர். அரங்கம், உடை, வெளிச்சம் எல்லாம் அமைத்து, பழைய படமொன்றை மறுபடி கட்டியெழுப்பி, அதற்குள் தானே போய் நிற்கிறார். 2000-2004இல் செய்த ‘தென்னிந்தியப் பெண்கள்’ வரிசையில் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியும் சம பங்காளி. அந்தப் பெயரையே கட்டுரையில் காணோம்!

அந்த வரிசையில் ரவிவர்மாவின் நிலவொளிப் பெண் ஓவியத்தை மறுபடி கட்டிய படத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதிய கட்டுரையாளர், நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்ணாக அவர் நிற்கும் படத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டார். எனக்கு அதுதான் முக்கியம். வெள்ளைக்காரர் ஆட்சியில் அந்தமான் மக்களைச் சதுரக் கட்டத் திரைக்கு முன் நிறுத்தி, உடலை அளப்பதற்காகப் படம் எடுத்தார்கள். தோடர் பெண் வேடத்தில் அதே மாதிரிக் கட்டத்தின் முன் புஷ்பமாலா நிற்கிறார். லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, செய்தித்தாளில் வந்த குற்றவாளிப் பெண், வரிசையின் மற்றப் படங்களிலும் அவருடைய அதே முகம். ‘தோடர் பெண் இப்படித்தான் இருப்பாள்’ என்ற வகைப்படுத்தல் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஆனாலும் நகரத்துக் கலைஞர் பழங்குடிப் பெண்ணின் வேடம் போடலாமா என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. கேலி செய்வது கேமராவைத்தான், அந்தப் பெண்ணை அல்ல என்பது என் கட்சி. தோடர் பெண்கள் அதை ஒப்புக்கொள்வார்களா? ஓவியர்கள், சிற்பிகள் போன்றவர்கள் தங்கள் படைப்பைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இதைக் கேட்காமல், ‘உங்களுக்கு ஊக்கம் தந்தவர் யார்’ என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.