தூணை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள்

எங்கள் தெருவில் புதிதாக எழும் ஒரு வீட்டின் முகப்பில் சென்ற வாரம் இரண்டு கிரேக்கத் தூண்கள் முளைத்தன. தளம் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, பூச்சு வேலையும் முடிந்த பிறகு, சிறு வண்டியில் வந்து இறங்கி, இரண்டே ஆட்களால் தூக்கி நிறுத்தப்பட்ட பைபர் தூண்கள் அவை. தட்டினால் வெற்றுப் பீப்பாய் போல ஒலிக்கும். கட்டடக்கலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகள் பார்த்த மாத்திரத்தில் "கொரிந்தியன், மாமா" என்றாள். இலை வேலைப்பாடு என்றால் கொரிந்தியன், சுருள் என்றால் அயோனிக், எதுவும் இல்லையென்றால் டோரிக், கூர்முனை வளைவு என்றால் கோதிக் என்று அவளுடைய குறிப்பேடு முழுக்க அடையாளங்கள். ஆளை அவர் சட்டையை வைத்து அடையாளம் காட்டும் முறை இது.

அந்தக் குறிப்பேட்டில் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் இப்படிப் படிக்கிற பிள்ளை, பாணி என்பது கட்டி முடித்த பிறகு மேலே போர்த்தும் துணி என்றே நினைத்து வளரும். என் பார்வையில் உலகின் பெரும் பாணிகளில் பலவும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு காலத்துக் கொத்தனார்கள் சொன்ன விடைகள்: நடுவில் தூண் இல்லாமல் எவ்வளவு பெரிய இடத்தை மூடலாம்? (பரோக், ரொக்கோக்கோ போன்றவற்றை இந்த ஒரு கேள்விக்குள் அடக்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.)

கல் எத்தனை பாரத்தையும் தலையில் சுமக்கும். ஆனால் இரு முனைகளில் தாங்கிக் கிடத்தினால் நடுவில் விரிசல் விடும். எனவே கல் உத்தரத்தை நீளமாகப் போட முடியாது. போட முடியாததால் தூண்களை நெருக்கமாக நட வேண்டும். எகிப்தில் கர்னாக் கோயிலின் பெருமண்டபத்தில் 134 தூண்கள் நிற்பதற்கும், மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்பதற்கும் அடிப்படைக் காரணம் இதுதான். பெருமைக்காகவும் தூண்களைக் கூட்டியிருப்பார்கள். ஆனால் குறைக்க நினைத்திருந்தாலும் அதிகம் குறைத்திருக்க முடியாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் கட்டிய பார்த்தினன் கோயிலும் இதே கணக்கில் அடங்கும். அதன் அழகைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் பேசப்பட்டுவிட்டது.

ரோமாபுரியின் பாந்தியன் இந்தக் கணக்கையே மாற்றியது. பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126ஐ ஒட்டி முடிந்த அந்தக் கட்டடத்தின் குவிமாடம் 43 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டம் கொண்டது. உள்ளே கம்பி கிடையாது, முழுவதும் காரை. தமிழில் விட்டம் என்ற ஒரே சொல் உத்தரத்தையும் வட்டத்தின் குறுக்களவையும் குறிப்பது எனக்கு எப்போதும் வியப்பு தரும். பாந்தியனில்தான் முதல் விட்டத்தின் ஆட்சி முடிந்து இரண்டாவது விட்டத்தின் ஆட்சி நிலைபெற்றது என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வேன். அடியில் கனமான கல்லையும் உச்சியை நெருங்க நெருங்க மிதக்கும் எரிமலைக் கல்லையும் கலந்து, கனத்தைப் படிப்படியாகக் குறைத்து, உச்சியில் திறந்த வட்டத்தை விட்டார்கள். ஆனால் குவிமாடம் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. தன் காலை வெளிப்பக்கமாகவும் உதைக்கும். அந்த உதைப்பை அடக்கத்தான் சுமார் 6 மீட்டர் கனத்தில் சுவர் எழுப்பினார்கள்.

வட்டக் குவிமாடத்தைச் சதுரத்தின் மேல் எப்படி உட்கார வைப்பது? அதற்கான பெரிய விடை இஸ்தான்புல்லில் தேவாலயமாகக் கட்டப்பட்ட ஹாகியா சோபியா. அந்தீமியஸ், இசிதோர் ஆகிய கட்டடக்கலைஞர்கள் இருவரும் 532இல் தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் முடித்தார்கள். நான்கு பெரும் வளைவுகளுக்கு இடையிலுள்ள மூலைகளை முக்கோண வடிவில் வளைத்து மேலே கொண்டுபோய், அவற்றின் தலையில் சுமார் 31 மீட்டர் குவிமாடத்தை வைத்தார்கள். அடி விளிம்பைச் சுற்றி 40 சன்னல்கள். அவற்றின் வழியே வெயில் நுழையும்போது, கீழே நிற்பவருக்குக் குவிமாடம் சுவரில் அமர்ந்திருப்பதாகவே தோன்றாது. வானிலிருந்து தொங்குவது போல் இருப்பதாக அந்தக் காலத்து வரலாற்றாளர் புரோகோப்பியசே எழுதியிருக்கிறார். பைசாந்தியப் பாணி என்ற தலைப்பின் கீழ் இந்த வெளிச்சத்தைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் குவிமாடம் இருபது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகவே தாக்குப்பிடித்து, நிலநடுக்கங்களில் தளர்ந்து, 558இல் இடிந்து விழுந்தது என்பதை எழுதுவோர் குறைவு. அது மிகத் தட்டையாக இருந்ததால் வெளிப்பக்க உதைப்பு கூடிப்போயிருந்தது. 562இல் முடிந்த இரண்டாவது குவிமாடத்தை இசிதோரின் உறவினரான இளைய இசிதோர் சுமார் 6 மீட்டர் உயர்த்திக் கட்டினார். அதுவும் 989இலும் 1346இலும் பகுதி பகுதியாகச் சரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் தலைமைக் கட்டடக்கலைஞர் சினான் வெளியே முட்டுச் சுவர்கள் எழுப்பினார். இன்று நாம் காண்பது ஒரே பாணியில் கட்டிய கட்டடம் என்பதைவிட, விழாமல் வைத்திருக்கப் பதினான்கு நூற்றாண்டுகளாக நடந்துவரும் வேலை என்பதே பொருந்தும்.

கோதிக் பாணியும் இதே உதைப்போடு நடந்த சண்டைதான். பாரிசுக்கு அருகே சான் தெனி தேவாலயத்தில், மடாதிபதி சூஷேயின் முயற்சியால் 1144இல் அர்ச்சிக்கப்பட்ட பீடப்பகுதியை அதன் தொடக்கமாகக் கொள்வார்கள். கூர்முனை வளைவு உதைப்பைக் கீழ்நோக்கித் திருப்பும். மீதியை வெளியிலிருந்து கை நீட்டித் தாங்கும் முட்டுகள் வாங்கிக்கொள்ளும். சுவருக்கு வேலை குறையும். வேலையற்ற சுவரைக் கண்ணாடியாக்கிவிடலாம். ஆசை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு பொவே பேராலயம் சாட்சி. 48 மீட்டர் உயரத்தில் போட்ட அதன் கூரை 1272இல் முடிந்து, 1284இல் ஒரு பகுதி விழுந்தது. மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்கள் காட்டுமிராண்டித்தனம் என்ற பொருளில் வீசிய வசைச்சொல்தான் கோதிக் என்பதும், கோத் இனத்தாருக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதும் அக்கா மகளின் குறிப்பேட்டில் இல்லை.

இதற்கு நேர்மாறான பாதை தஞ்சைப் பெரிய கோயிலுடையது. 1010இல் முடிந்த அந்த விமானத்தின் உட்புறம் உள்ளீடற்றது. கற்களை வரிசைக்கு வரிசை சிறிதளவு உள்நோக்கித் துருத்தி அடுக்கி உயர்த்தினார்கள். இப்படி அடுக்கும்போது ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழுள்ள கல்லின் மேல் நேராக அழுத்துகிறதே தவிர, வளைவைப் போல வெளிப்பக்கம் உதைப்பதில்லை. எனவே முட்டும் வேண்டாம். அதற்குக் கொடுத்த விலை, உள்ளே கிடைக்கும் இடம் சிறியது. கருவறைக்கு அது போதும். இதைப் பின்தங்கிய முறை என்பவர்களும், உலகில் யாருக்கும் எட்டாத விந்தை என்பவர்களும் கேட்கப்பட்ட கேள்வியே வேறு என்பதைக் கவனிப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விடை இத்தாலியின் புளோரன்சில் இருக்கிறது. 1296இல் தொடங்கிய பேராலயத்தில் எல்லாம் எழும்பிவிட்டன. ஆனால் நடுவில் சுமார் 45 மீட்டர் அகலத்தில் எண்கோணத் திறப்பு ஒன்று வானம் பார்த்துக் கிடந்தது. அதை மூட வழி தெரியாமல் 1418இல் போட்டி அறிவித்தார்கள். நம் தெருக்களில் தளம் போடும்போது பலகையும் முட்டுக்கொம்பும் வைத்து அடிக்கும் சென்ட்ரிங், சொல்லின் மூலப்பொருளில், வளைவு கட்டும்போது அடியில் தாங்க வைக்கும் மரச் சட்டகம். தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேல் அத்தனை அகலத்துக்குச் சென்ட்ரிங் அடிக்க மரத்துக்கு எங்கே போவது? பொற்கொல்லராகத் தொழில் கற்ற புருனெல்லெஸ்கி, சென்ட்ரிங்கே வேண்டாம் என்றார். கிடத்திய செங்கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுச் சிலவற்றைச் செங்குத்தாக நிறுத்தி, மீன்முள் போல வரிசைகளைப் பின்னி, காரை இறுகும் வரை புதுக்கல் சரியாதபடி பழைய கல்லையே பிடித்துக்கொள்ளச் செய்தார். உள்ளொன்று வெளியொன்றாக இரண்டு ஓடுகள். உதைப்பை அடக்கப் பீப்பாய்க்கு வளையம் போடுவது போல் கல்லிலும் மரத்திலும் சங்கிலிகள். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்கள். 1420இல் தொடங்கி 1436இல் மூடிவிட்டார். மறுமலர்ச்சிப் பாணி என்றதும் இந்தக் குவிமாடத்தின் படத்தைத்தான் போடுகிறார்கள், ஆனால் அதன் கூர்ந்த வடிவமோ கோதிக் காலத்துத் திட்டத்தில் முன்பே முடிவானது. பாணிகளுக்கு நடுவே நாம் கிழிக்கும் கோடு இந்த இடத்தில் அழிந்துபோகிறது.

கர்நாடகத்தின் விஜயபுரத்தில் உள்ள கோல் கும்பஸ் என்ற கல்லறை மாளிகையும் இந்த வரிசைக்கு உரியது. 1656இல் முடிந்த அதன் குவிமாடம் வெளிப்புற அளவில் சுமார் 44 மீட்டர். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைவுகள் சதுரத்தை வட்டமாக்குவதோடு, தம் கனத்தை உள்நோக்கிச் சாய்த்து வெளி உதைப்பையும் ஈடுகட்டுகின்றன. அங்கே போகிறவர்கள் எதிரொலி கேட்கக் கைதட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.

இரும்பு வந்ததும் சண்டை ஒரு வழியாக ஓய்ந்தது. தோட்டக்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய ஜோசப் பாக்ஸ்டன் 1851இல் லண்டனில் இரும்பாலும் கண்ணாடியாலும் 560 மீட்டருக்கு மேல் நீளமான படிக மாளிகையைச் சில மாதங்களில் எழுப்பிவிட்டார். சுவர் பாரம் தாங்க வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும், அடுத்த நூற்றாண்டின் நவீனக் கட்டடக்கலைஞர்கள், தாங்காத எதையும் ஒட்டவைப்பது பொய் என்றார்கள்.

அவர்களில் மிகக் கறாரானவர்களில் ஒருவர் மீஸ் வான் டெர் ரோ. நியூயார்க்கில் 1958இல் முடிந்த அவருடைய 38 மாடி சீகிராம் கட்டடத்தில், தீ விதிகளின்படி உண்மையான எஃகுத் தூண்களைக் காங்கிரீட்டால் மூடியாக வேண்டியிருந்தது. உள்ளே எஃகு இருப்பது வெளியே தெரியாமல் போவதை அவர் மனம் ஒப்பவில்லை. எனவே கட்டடத்தைத் தாங்காத வெண்கல விட்டங்களை, அடியிலிருந்து உச்சி வரை வெளியே வரிசையாக ஒட்டவைத்தார்.

இதைச் சொன்னபோது அக்கா மகள் சன்னல் வழியே எதிர்வீட்டுத் தூண்களைக் காட்டி, "அப்போ அவர் செய்ததும் இவர் செய்ததும் ஒன்றுதானே, மாமா?" என்று கேட்டாள். வெண்கலத்துக்கும் பைபருக்கும் விலையில் வித்தியாசம் உண்டு என்று மட்டும் சொல்லி வைத்தேன்.