160 ஏக்கர் மாப்பிள்ளை

அத்தை: போனில் யாருக்கு மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தாய்? 160 ஏக்கர் என்று காதில் விழுந்தது. என் அண்ணன் மகள் இருக்கிறாளே!

மருமகள்: அது அமெரிக்காவில், கான்சாஸில், அத்தை. மனைவி இறந்துபோனாள். இரண்டு பிள்ளைகள்.

அத்தை: இரண்டாந்தாரமா... 160 ஏக்கர் என்றால் யோசிக்கலாம். எந்தச் சபை?

மருமகள்: மெதடிஸ்ட்.

அத்தை: மெதடிஸ்டும் சேர்ந்துதானே 1947-இல் நம் சி.எஸ்.ஐ. திருச்சபை ஆனது? சொந்தம்தான். வீடு?

மருமகள்: புல்லும் வேருமாக மண்ணை வெட்டி அடுக்கிய வீடு. மழை பெய்தால் ஒழுகும்.

அத்தை: இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு மண் வீடா? கஞ்சனா?

மருமகள்: நிலமே அரசாங்கம் கொடுத்தது. 1862-ஆம் வருஷச் சட்டப்படி ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால்தான் பட்டா.

அத்தை: 1862-ஆ? மாப்பிள்ளைக்கு என்ன வயது?

மருமகள்: ஐயோ, இது கிண்டிலில் படிக்கிற கதை, அத்தை! கிறிஸ்தவக் காதல் நாவல். 1873-இல் பேப்பர் விளம்பரம் பார்த்து ஒரு பெண் ரயிலேறி வருகிறாள்.

அத்தை: கதையா... சரி. வில்லங்கம் பார்த்தார்களா?

மருமகள்: எதற்கு?

அத்தை: நிலத்துக்குத்தான். அரசாங்கத்துக்கு அதை யார் கொடுத்தது?

மருமகள்: (போனைத் தட்டிப் பார்த்து) கான்சாஸ் என்ற பெயரே கான்சா பூர்வகுடிகளுடையதாம். அதே 1873-இல்தான் அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கதையில் இது வரவில்லை.

அத்தை: வராது.

மருமகள்: மனசுக்கு இதமாக இருக்கிறது என்றுதான் படிக்கிறேன். கெட்ட வார்த்தை கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் ஜெபம். 1874-இல் வெட்டுக்கிளி வந்து கொடியில் காய்ந்த துணியைக்கூடத் தின்றுவிடுகிறது, அப்போதும் அவள் விசுவாசத்தை விடவில்லை.

அத்தை: பைபிளில் யாத்திராகமம் பத்தாம் அதிகாரம், அங்கேயும் வெட்டுக்கிளிதான். பார்வோனாவது ஜனங்களைப் போகவிடமாட்டேன் என்றான். இவர்கள் துரத்தியே விட்டார்கள்.

மருமகள்: அத்தை!

அத்தை: சரி, பட்டா வந்ததா?

மருமகள்: இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

அத்தை: கல்யாணம்?

மருமகள்: அது மூன்றாம் பக்கத்திலேயே முடிந்தது.

அத்தை: மிச்சப் பக்கமெல்லாம்?

மருமகள்: அப்புறம்தான் மெல்ல மெல்லக் காதல் வரும்.

அத்தை: இதற்குக் காசு வேறு கொடுத்தாயா? எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் இதுதானே கதை.

மருமகள்: முதல் முத்தமே 312-ஆம் பக்கத்தில்தான். அதுவும் நெற்றியில்.

அத்தை: பரவாயில்லையே. உன் மாமா 42 வருஷமாக இன்னும் முன்னுரையிலேயே இருக்கிறார்.